ஒண்ணாம் தேதி மிரட்டல்!

"ட்ரிங்ங்... ட்ரிங்ங்...!"

மாமல்லபுரம் போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது.

மசால்வடையைக் கடிக்கப் போன ஏட்டு எல்லப்பன், திறந்த வாயை மூடாமலேயே ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... ஸ்டேஷன்..."

மறுமுனையில் ஒரு பெண்ணின் விசும்பல்.

"சார்... என் ஹஸ்பெண்டைக் கடத்திட்டாங்க சார்!"

"எப்பம்மா?"

"நாலு நாளாச்சு..."

வடை கை நழுவி மேஜையில் விழுந்தது.

"நாலு நாளா இன்னாம்மா பண்ணிகினு இருந்தீங்க?"

"போலீசுக்குப் போனா அவரைக் கொன்னுடுவாங்களோன்னு பயம் சார். இன்னிக்கு டிரைவர் கேக்கறான், வாட்ச்மேன் கேக்கறான்... இதுக்கு மேல மறைக்க முடியல."

"உங்க பேரு?"

"காயத்ரி. பொன்மாலை ஆதித்யாவோட வொய்ஃப்."

எல்லப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பொன்மாலை ஆதித்யா!

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் அந்தப் பெயரைக் கேள்விப்படாத ரிட்டயர்டு ஆசாமி கிடையாது. எந்த ஆபீசில் பணி நிறைவு விழா நடந்தாலும், கழுத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் ஆதித்யா வந்து நிற்பார். கையில் வழுவழுப்பான ஒரு புத்தகம். உதட்டில் அதைவிட வழுவழுப்பான ஒரு சிரிப்பு. 'பொன்மாலை ஓய்வுத் திட்டம்... உங்கள் பணம் உழைக்கட்டும், நீங்கள் ஓய்வெடுங்கள்!'

எல்லப்பன் வடையை மறந்துவிட்டு இன்ஸ்பெக்டரின் அறைக்கு ஓடினார்.

*

கடலைப் பார்த்து நின்றது ஆதித்யாவின் பங்களா.

ஹாலில் கிடந்த சோபாவை விற்றாலே ஒரு குமாஸ்தா நிம்மதியாக ரிட்டயர் ஆகிவிடலாம். அதன் நுனியில் ஜாக்கிரதையாக உட்கார்ந்தார் இன்ஸ்பெக்டர் தமிழ்வாணன். பக்கத்தில் எஸ்.ஐ. ருக்சானா நின்றாள். இளம் வயது. கூர்மையான கண்கள்.

எதிரே காயத்ரி. கண்கள் சிவந்திருந்தன. கண் மை மட்டும் கலையவில்லை.

"உங்க ஹஸ்பெண்டுக்கு எதிரிங்க யாராவது...?"

"எதிரியா? ரிட்டயர் ஆனவங்க எல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க சார்."

"இப்பவுமா?"

காயத்ரி தயங்கினாள்.

"மூணு மாசமா யாருக்கும் மாச வருமானம் போடல. மார்க்கெட் கொஞ்சம் டல்..."

"எத்தனை பேருக்குப் போடல மேடம்?" ருக்சானா கேட்டாள்.

"முன்னூறு பேர் இருப்பாங்க."

தமிழ்வாணன் பெருமூச்சு விட்டார்.

"எதிரி யாருன்னு நான் கேட்டதே தப்பு. எதிரி இல்லாதவன் யாருன்னு கேட்டிருக்கணும்!"

அந்த நேரம் பார்த்து காயத்ரியின் செல்போன் சிணுங்கியது.

"அவங்கதான் சார்! கடத்திட்டோம்னு அன்னிக்குச் சொன்ன அதே நம்பர்!"

"ஸ்பீக்கர்ல போடுங்க."

காயத்ரி திரையைத் தொட்டாள்.

"ஹலோ... காயத்ரியம்மாவா? நாஸ்தா ஆச்சாம்மா?"

வயதான ஆண் குரல். வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி விசாரித்தது! இன்ஸ்பெக்டரும் எஸ்.ஐ.யும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் ஹஸ்பெண்ட் எங்க? அவரை என்ன பண்ணீங்க?"

"பத்திரமா கீறாரும்மா. காலையில கொஞ்ச தூரம் நடக்க வெச்சோம். கேவுரு கூழு குடிச்சாரு. இப்ப பணத்தப் பத்திப் பேசலாமா?"

"எவ்வளவு வேணும்? ஒரு கோடியா? ரெண்டு கோடியா?"

"ஐயய்யோ! மொத்தமால்லாம் வேணாம்மா!" குரல் பதறியது. "மொத்தமா வந்தா பசங்களுக்குக் கண்ண உறுத்தும். ஒருத்தன் பிசினஸ் பண்றேன்னுவான்... ஒருத்தன் கார் வாங்கறேன்னுவான். மாசா மாசம் கொடுங்க. மாசம் முப்பது லட்சம். முன்னூறு பேரும் பிரிச்சிக்கிறோம். கரெக்டா ஒண்ணாம் தேதி வந்துடணும்!"

காயத்ரி திகைத்தாள்.

"எத்தனை மாசத்துக்கு?"

"எங்க ஆயுசு வரைக்கும். எங்களுக்கு அப்பால எங்க வூட்டுக்காரம்மாவுக்குப் பாதி."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது.

"டி.ஏ.வ வுட்டுட்டீங்களே! டி.ஏ.வக் கேளுங்க!"

"ஆங்... டி.ஏ.! ஜனவரியிலயும் ஜூலையிலயும் விலைவாசிக்குத் தக்கன ஏத்தித் தரணும்."

எல்லப்பன் சிரிப்பை அடக்கத் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

'உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள்' என்று சைகை காட்டினார் தமிழ்வாணன்.

"அவர் உயிரோட இருக்கார்னு நான் எப்படி நம்பறது?" என்றாள் காயத்ரி.

"உயிர்ச்சான்றா? அது நவம்பர்லதானேம்மா... த்சு, பழக்க தோஷம். தோ... அவராண்டயே பேசுங்க."

கரகரவென்று சத்தம். அப்புறம் ஆதித்யாவின் குரல்... அழுகையோடு!

"காயு! தக்காளி கிலோ அறுபது ரூபாயாம் காயு! எனக்குத் தெரியவே தெரியாதே! கேஸ் சிலிண்டர் என்ன வெலை தெரியுமா உனக்கு?"

"ஆதி! உங்களை அடிச்சாங்களா?"

"அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல... பட்ஜெட் போட்டு வாழ வெக்கறாங்க! காயு, பி.பி. மாத்திரை இல்லாம நாலு நாளாச்சு. அத மட்டும் எப்படியாவது குடுத்தனுப்பு!"

"அனுப்பறேன் ஆதி. நாலு நாள் விட்டுப் போச்சுல்ல... மூணு மாத்திரைய ஒண்ணாப் போட்டுக்கோங்க. ஞாபகம் வெச்சுக்கோங்க, மூணு!"

அந்த வயதான குரல் திரும்ப வந்தது.

"மாத்திரைய வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அடியில வெச்சிடுங்கம்மா. எங்க ஆளு வந்து எடுத்துக்கும். ஒரு மணிக்கு மேல போன் பண்ணாதீங்க... கொஞ்சம் கண்ணசருவோம்."

தொடர்பு அறுந்தது.

காயத்ரி உள்ளே ஓடினாள். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்பி வந்தாள். உள்ளே உதிரியாக வெள்ளை மாத்திரைகள்.

"பாவம் சார்... மாத்திரை இல்லாம தவிச்சுப் போயிருப்பார்."

"இன்னா பாசம் சார்!" எல்லப்பன் உருகினார்.

*

"ருக்சானா! எந்த ரௌடியாவது டி.ஏ. கேட்டு நீ கேள்விப்பட்டிருக்கியா?" வாசலுக்கு வந்ததும் கேட்டார் தமிழ்வாணன்.

"இல்ல சார்."

"சூட்கேஸ்ல பணம் கேக்கறவன் திருடன். ஒண்ணாம் தேதி பணம் கேக்கறவன் பென்ஷன்காரன்!"

"நம்பரையும் பார்த்துட்டேன் சார். காசிநாதன்னு ஒருத்தர் பேர்ல இருக்கு. கல்பாக்கத்துல டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவர். ஆதார் கொடுத்து வாங்கின சொந்த நம்பர் சார்!"

"சொந்த போன்ல மிரட்டறாரா?"

"புது சிம்முக்குச் செலவு பண்ண மனசு வரலையோ என்னவோ."

தமிழ்வாணன் மோவாயைத் தடவினார்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு. எங்க வெச்சிருக்காங்கன்னுதான் தெரியணும். மாத்திரை எடுக்க வர ஆளைப் பின்தொடர்வோம். நீ இங்கயே அந்தம்மாகூட இரு."

*

வெண்ணெய் உருண்டைப் பாறை.

சரிவில் எப்போது உருளுமோ என்று நிற்கும் அந்தப் பாறையை, வழக்கம்போல் பத்துப் பேர் கையால் தாங்கிப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லப்பன் கைலியும் தலைப்பாகையுமாக வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மாறுவேஷம்! வியாபாரம் வேறு சூடு பிடித்துவிட்டது.

வந்தாள் ஒரு அம்மாள்.

அறுபதைத் தாண்டிய வயது. கஞ்சி போட்ட காட்டன் புடவை. கையில் குடை. பாறையின் அடியில் குனிந்து டப்பாவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நேரே எல்லப்பனிடம் வந்தாள்.

"ஒரு பொட்டலம் எவ்வளவுப்பா?"

"இ... இருபது ரூபாம்மா."

"இருபதா? கூம்புல பாதி வெறுங் காகிதம். ஏமாத்திப் பொழைக்கலாம்னு பார்க்கறியா?"

எல்லப்பன் வியர்த்தார். பத்து ரூபாய்க்குக் கொடுத்தார்!

காரில் காத்திருந்த தமிழ்வாணன், அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போவதைக் கவனித்தார். எல்லப்பன் ஓடி வந்து பின் சீட்டில் ஏறினார்.

ஒரு பஸ் வந்தது. அம்மாள் ஏறவில்லை.

இன்னொரு பஸ் வந்தது. அதிலும் ஏறவில்லை.

"நம்மளக் கண்டுபுடிச்சிட்டாங்களா சார்?"

"இல்லய்யா... அதெல்லாம் டிக்கெட் வாங்கற பஸ்சு. லேடீஸுக்கு ஃப்ரீ பஸ் வரட்டும்னு நிக்கறாங்க!"

வெகுநேரம் கழித்து இலவச பஸ் வந்தது. அம்மாள் ஏறினாள். அது நின்ற இடத்திலெல்லாம் போலீஸ் காரும் நின்றது. கூடை ஏற்றினால் நின்றது. டிரைவர் டீ குடித்தால் நின்றது.

"என் சர்வீஸ்ல இவ்வளவு மெதுவா ஒரு குற்றவாளியத் துரத்தினது கிடையாதுய்யா..." தமிழ்வாணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நெம்மேலி.

அம்மாள் இறங்கினாள். சவுக்குத் தோப்புக்குள் நடந்தாள். நடுநடுவே நின்று முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவள் நிற்கும்போதெல்லாம் இரண்டு போலீஸ்காரர்களும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

தோப்பு முடிந்த இடத்தில் ஒரு பெரிய பலகை!

'பொன்மாலை வில்லாஸ். மூத்த குடிமக்களின் சொர்க்கம். நூற்று இருபது வீடுகள்.'

நூற்றுப் பத்தொன்பது வீடுகள் பலகையில் இருந்தன.

ஒரே ஒரு வீடு தரையில் இருந்தது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான மாடல் வீடு. பக்கத்திலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போய்விடும். மாடல் வீட்டுக் குழாயைத் திறந்தால் காற்று வரும்.

"கடத்தியாந்த ஆள அவரு கட்டின வூட்லயே வெச்சிகினுகீறாங்க சார்!" எல்லப்பன் கிசுகிசுத்தார்.

"ஷ்ஷ்... ஒரு மணிக்குத் தூங்குவோம்னு சொன்னாங்கல்ல? தூங்கட்டும். அப்புறம் உள்ள போவோம். வயசானவங்க... பயத்துல யாருக்காவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடப் போகுது."

இருவரும் ஜன்னலுக்குக் கீழே பதுங்கினார்கள்.

உள்ளே பேச்சுக்குரல் தெளிவாகக் கேட்டது.

*

"மாத்திரை போட்டுக்கிட்டீங்களா தம்பி?" குடைக்கார அம்மாளின் குரல்.

"மூணும் போட்டுட்டேன் ஜோதிலட்சுமி டீச்சர்." ஆதித்யாவின் குரல் குழைந்தது. "டீச்சர்... சாப்பாட்டுக்கு முன்னால ஒரே ஒரு காபி...?"

"காலையில ஒண்ணு குடிச்சாச்சு. ஒருத்தருக்கு மாசம் பத்தாயிரம் தாராளமாப் போதும்னு மேடையில பேசினது யாரு? வாடகை, கரண்ட், கேஸ், மருந்து எல்லாம் போக இன்னிக்கு உங்க கையில மிச்சம் பன்னெண்டு ரூபா. இப்ப பால் வாங்கினா நாளைக்குக் காய் கெடையாது."

"அந்தக் கணக்குல நான் விலைவாசியச் சேர்க்கல டீச்சர்..."

"விலைவாசியச் சேர்க்காம வேற என்னத்தப்பா சேர்த்தே?"

"படம் சேர்த்தேன். தாத்தாவும் பாட்டியும் ஊஞ்சல்ல சிரிக்கற மாதிரி..."

ஜன்னலுக்குக் கீழே எல்லப்பன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

போனில் பேசிய அதே குரல் இப்போது உள்ளே எழுந்தது. காசிநாதன்!

"முப்பத்தாறு வருசம் ஷிப்டு பாத்தேன் தம்பி. பி.எஃப்., கிராஜுவிட்டி... வந்ததெல்லாம் அப்டியே உன் கையில குடுத்தேன். என் பொஞ்சாதி வசந்தா கேட்டா, 'பாதிய பாங்க்கில வைய்யா'ன்னு. நான் அவள படிக்காதவள்னு சொல்லி வாய அடைச்சேன். இப்ப அவ மூஞ்ச பாத்து சோறு கேக்க முடியல."



இன்னொரு குரல்... மெதுவாக ஆரம்பித்தது. "நான் கியாசுதீன். செங்கல்பட்டு பஜார்ல துணிக்கடை வெச்சிருந்தேன். ஞாபகம் கீதா? கடைய வித்த பணத்த உங்கிட்ட குடுத்தப்ப எனக்கு சால்வை போத்தினியே!"

"ஞாபகம் இருக்கு பாய்..."

"என் வூட்டுக்காரி லத்தீஃபாவுக்கு கிட்னி போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தபா ரத்தம் சுத்தி பண்ணணும். போன மாசத்துலேர்ந்து ஒரு தபாவா கொறைச்சிட்டோம். 'ஒரு தபாவே போதுங்க, ஒடம்பு நல்லாதான் கீது'ன்னு சொல்றா. மூஞ்சி வீங்கிப் போய் உக்காந்துகினு சொல்றா தம்பி. நேத்து நீ சாப்ட்டியே கத்திரிக்காய்க் கொழம்பு... அது அவ வெச்சு அனுப்பினதுதான். 'கடத்தியாந்தாலும் அவரு விருந்தாளிதானே'ங்கறா."





"பாய்..." ஆதித்யாவின் குரல் உடைந்தது. "உங்க பணம் எங்கயும் போகல. ஒத்தப் பைசாகூட மார்க்கெட்டுக்கே போகல."

"பின்ன எங்க கீது?"

"எல்லாம் காயத்ரி பேர்ல. போஸ்ட் ஆபீஸ்ல கொஞ்சம்... மிச்சமெல்லாம் பாங்க்ல."

"ஏம்ப்பா..." டீச்சரின் குரலில் நிஜமான சந்தேகம். "எங்களுக்கு மட்டும் ஷேரு, ஃபண்டு, வெளிநாட்டு முதலீடுன்னு வகுப்பெடுத்தே. நீ போய் போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருக்கியே?"

"என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? அது என் ரிட்டயர்மெண்ட் பணம்! அதுல போய் ரிஸ்க் எடுக்க முடியுமா?"

*

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்குள் குறட்டைச் சத்தம் கிளம்பியது. ஒன்று... இரண்டு... சுருதி சேர்ந்தன.

தமிழ்வாணன் துப்பாக்கியை உருவினார்.

"ரெடியா எல்லப்பன்?"

"ரெடி சார்!"

அந்த நொடியில்...

"ஐயோ...! வாங்களேன்... இங்க வந்து பாருங்களேன்!"

டீச்சரின் அலறல்!

தமிழ்வாணன் கதவை எட்டி உதைத்தார். கதவு, நிலையோடு பெயர்ந்து விழுந்தது. மாடல் வீடு அல்லவா!

தரையில்... ஆதித்யா!

சட்டை முழுக்க வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. தலைமாட்டில் டீச்சர். காலடியில் காசிநாதன். சமையலறை வாசலில் கத்தியோடு கியாசுதீன்!

"கொலையா பண்றீங்க? கத்தியக் கீழ போடு! எல்லாரும் கையத் தூக்குங்க!"

"தூக்க முடியாது!" டீச்சர் திரும்பிப் பார்க்காமலேயே கத்தினாள். "தோள்பட்டை பிடிச்சிருக்கு. சக்கரை எங்க பாய்? சீக்கிரம்!"

கியாசுதீன் கத்தியைக் கத்திரிக்காய்க் கூடையில் எறிந்துவிட்டுச் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தார்.

"வாயில தண்ணி ஊத்தாதீங்க, பொரையேறிடும்! கன்னத்து ஓரமா தடவுங்க!" காசிநாதன் ஆதித்யாவின் தலையை ஒருக்களித்துப் பிடித்தார். "யோவ் போலீசு... பாத்துகினு நிக்கறியே, ஆம்புலன்சுக்கு போன் போடுய்யா!"

எல்லப்பன் 108-ஐ அழைத்தார்.

ஒரு விரல் சர்க்கரை... இன்னொரு விரல் சர்க்கரை...

ஆதித்யாவின் இமைகள் துடித்தன. மெல்லத் திறந்தன.

"அப்பாடா..." கியாசுதீன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் கண்களில் நீர். "அடப்பாவி மனுசா! இந்த ஒலகத்துல நீ நூறு வயசு வாழணும்னு துவா செய்யறவங்க நாங்க மட்டும்தான்யா. நீ பூட்டா எங்க பணமும் பூடும்!"

தமிழ்வாணன் துப்பாக்கியை உறைக்குள் போட்டார்.

"என்னதான் நடந்துச்சு?"

"சுகர் தடால்னு எறங்கிடுச்சு சார்," என்றார் காசிநாதன். "எனக்கு ரெண்டு மூணு தபா இப்டி ஆயிகீது. அதான் பாத்தவுடனே தெரிஞ்சுது."

"இவருக்கு சுகர் இருக்கா?"

"இல்ல..." ஆதித்யா முனகினார். "பி.பி. மட்டும்தான்..."

காசிநாதன் ஜன்னலோரம் இருந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அவர் முகம் வெளிறியது.

"சார்... இது பி.பி. மாத்திரை இல்ல! நான் தெனமும் போடற சுகர் மாத்திரை! எனக்கே டாக்டர் பாதிதான் போடச் சொல்லிகீறாரு. இவரு மூணு போட்டிருக்காரு!"

'மூணு மாத்திரைய ஒண்ணாப் போட்டுக்கோங்க... ஞாபகம் வெச்சுக்கோங்க, மூணு!'

காலையில் காயத்ரி போனில் சொன்னது தமிழ்வாணனின் காதில் திரும்ப ஒலித்தது.

"காயு..." ஆதித்யாவின் உதடுகள் நடுங்கின. "ரெண்டு மாசமா வீட்லயும் அடிக்கடி இப்படித்தான் வேர்த்துக் கொட்டும். தலை சுத்தும். வேலை டென்ஷன்னு சொன்னா. அவ கையாலதான் மாத்திரை தருவா..."

தமிழ்வாணன் செல்போனை எடுத்தார்.

"ருக்சானா! அந்தம்மா எங்க?"

"என் முன்னாடிதான் சார் போறாங்க!" மறுமுனையில் காற்றின் இரைச்சல். "டெத் சர்டிபிகேட் எத்தனை நாள்ல கிடைக்கும்னு எங்கிட்ட கேட்டாங்க சார். உயிரோட இருக்கறவருக்கு எதுக்கு மேடம்னு கேட்டேன். உடனே திருக்கழுக்குன்றம் போய் அவருக்காக வேண்டிக்கிட்டு வரேன்னு காரை எடுத்துட்டாங்க. நானும் பின்னாலயே வரேன்... வண்டி மலைக்கோயில் பக்கம் போகல சார், ஏர்போர்ட் ரூட்டுல பறக்குது!"

"மடக்கு! கொலை முயற்சி!"

கொஞ்ச நேரம் டயர் தேயும் சத்தம்... ஹாரன்... கதவு திறக்கும் ஓசை.

அப்புறம் ருக்சானாவின் குரல், மூச்சு வாங்க...

"மடக்கிட்டேன் சார். சாமி கும்பிடப் போறவங்க பையில தேங்காய் இல்ல... பாஸ்போர்ட் இருக்கு!"

போனிலேயே காயத்ரியின் குரலும் கேட்டது. இப்போது அதில் விசும்பல் இல்லை.

"அவர் உயிரோட இருந்தா ஒரு நாள் இல்ல ஒரு நாள் எல்லாரும் பணத்தைக் கேட்டு வருவாங்க. செத்துட்டா பழி அவரோட போயிடும்... கொன்னது அந்தக் கிழடுங்கன்னு ஆயிடும். ஊருக்கெல்லாம் ரிட்டயர்மெண்ட் பிளான் போட்டாரே... எனக்குன்னு ஒண்ணு நானே போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான்!"

*

சாயங்காலம். ஆஸ்பத்திரி.

கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, ஆதித்யா தலையணையில் சாய்ந்திருந்தார். காயத்ரியின் பேரில் இருந்த கணக்குகள் எல்லாம் முடக்கப்பட்டிருந்தன. கோர்ட் வழியாகப் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் வரும்!

கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் நின்றார்கள். வாசலில் எல்லப்பன்.

தமிழ்வாணன் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர்... காசிநாதன்... பாய்... நீங்க மூணு பேரும் ஒரு உயிரைக் காப்பாத்தினீங்க. வாஸ்தவம். ஆனா ஆள் கடத்தலும் குத்தம்தான். நான் கேஸ் போட்டே ஆகணும்."

மூவரும் தலை குனிந்தார்கள்.

"என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்க இவரை?"

"புதுசா ஒருத்தர் ரிட்டயர் ஆயிருக்காரு... கையில முழு செட்டில்மெண்ட்டும் கீதுன்னு சொன்னோம் சார்," என்றார் காசிநாதன். "செருப்புகூட மாட்டாம ஓடியாந்து ஆட்டோல ஏறிகினாரு."

"அப்புறம் வீட்டுக்கு விடலை. கதவைப் பூட்டிட்டீங்க. கடத்தல்தானே?"

"யார் சார் கடத்தினது?"

கேட்டது... ஆதித்யா!

எல்லோரும் திரும்பினார்கள்.

"நானாத்தான் சார் போனேன். என் வீடு, நான் கட்டினது. ஒரு நாலு நாள் தங்கிப் பார்க்கலாம்னு ஆசை. இவங்க என் விருந்தாளிங்க."

"மிஸ்டர் ஆதித்யா... யோசிச்சுப் பேசுங்க. பூட்டின கதவு?"

"நீங்க உதைச்சப்ப நிலையோட விழுந்துச்சே சார். அந்தக் கதவைப் பூட்டினா என்ன, பூட்டாட்டி என்ன?"

தமிழ்வாணன் அவரையே உற்றுப் பார்த்தார்.

"எதுக்காக இவங்களைக் காப்பாத்தறீங்க?"

"சார்..." ஆதித்யாவின் கண்கள் கலங்கின. "இவங்களும் உள்ள போயிட்டா, எனக்கு நம்பி மாத்திரை வாங்கிச் சாப்பிட வேற யார் சார் இருக்காங்க?"



ஆதித்யா இடது மணிக்கட்டிலிருந்த தடித்த தங்கச் சங்கிலியைக் கழற்றினார்.

"பாய்... கோர்ட் குடுக்கற வரைக்கும் லத்தீஃபாம்மா காத்துக்கிட்டிருக்க முடியாது. இந்தாங்க. இது ஒண்ணும் என் சம்பாத்தியம் இல்ல."

கியாசுதீன் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையால் ஒரு முறை அழுத்திக்கொண்டார். மறுநாள் காலையிலேயே லத்தீஃபாவுக்கு ரத்தச் சுத்திகரிப்பு நடந்தது.

சட்டப்படி அந்தச் சங்கிலி போலீஸ் கைப்பற்ற வேண்டிய பொருள். ஆனால் அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கையை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

மூவரும் போன பிறகு தமிழ்வாணன் கட்டிலை நெருங்கினார்.

"அவங்க மேல கேஸ் இல்ல. ஆனா முன்னூறு பேரை ஏமாத்தினதுக்கு உங்க மேல உண்டு. டாக்டர் விட்டதும் நேரா ஜெயில்தான்."

ஆதித்யா தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"எத்தனை வருஷம் சார் போடுவாங்க?"

"பத்து வரைக்கும் போகலாம்."

"பத்தா?! சார்... அவசரம்னா நடுவுல கொஞ்சம் வெளிய எடுக்க ஏதாவது வழி...?"

வாசலில் நின்ற எல்லப்பன் தொப்பியைச் சரியாக மாட்டிக்கொண்டார்.

"நடுவுலல்லாம் எடுக்க முடியாது சார். இது ஃபிக்ஸட் டெபாசிட்டு... மெச்சூர் ஆனாதான் வெளிய வரும்!"